கடைசி இருபது முடிச்சு

“ஒரு முத்து குறையுதுன்னு சொல்லி அனுப்பியிருக்கியே, வாய் கூசல?”

“குறையறதைக் குறையுதுன்னுதானே சொல்ல—”

“புருஷன் விட்ட இடத்துலேருந்து பொண்டாட்டி ஆரம்பிக்கிறியா?”

“அவர் பேச்சை எடுக்காதீங்க, சொல்லிட்டேன்.”

“எடுப்பேன்! என் கடை முத்தை எடுத்தவன் பேச்சை நான் எடுக்காம வேற எவன்—”

“எடுத்தாரா? வாயைத் தொறக்கச் சொன்னீங்க, தொறந்தாரு. நாக்கைத் தூக்கச் சொன்னீங்க, தூக்கினாரு. அடியில என்ன இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல! போதுமா?”

“அப்போ முத்து எங்க?”

“கத்தாத. தெருவுல கேக்கும்.”

“கேக்கட்டும். முத்து எங்க?”

இந்தச் சண்டை மணப்பெண்ணின் கழுத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. காலை பதினோரு மணி இருக்கும். மண்டபத்தில் நானூறு நாற்காலி போட்டிருந்தார்கள், ஒன்றுகூடக் காலி இல்லை. வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று மணப்பெண் மைக்கின் முன்னால் குனிந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் போட்டிருந்த முத்துச்சரம் பேச ஆரம்பித்துவிட்டது. கீழே எடுத்து வைத்த டெலிபோனிலிருந்து வருமே, அந்த அளவுக் குரல்தான். ஆனால் மைக் அதை வாங்கி நாலு மூலை ஒலிபெருக்கிக்கும் கொடுத்துவிட்டது. ஒரு குரல் மணப்பெண்ணின் அப்பாவுடையது என்று எல்லாருக்கும் உடனே தெரிந்தது. இன்னொன்று ஏதோ பெண்குரல். சரம் பேசியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை; சரம் என்றால் சில சமயம் பேசத்தான் செய்யும். ஊரிலேயே பெரிய முத்துக்கடை வைத்திருக்கிற மனிதர், சொந்த மகளுக்கே பேசுகிற சரத்தைப் போட்டு மேடையேற்றியிருக்கிறாரே என்பதுதான் ஆச்சரியம்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிட வேண்டும். முத்தைச் சும்மா கோர்த்துவிட்டால் போதாது. ஒவ்வொரு முத்துக்கும் அடுத்த முத்துக்கும் நடுவில் பட்டுநூலில் ஒரு முடிச்சு விழ வேண்டும். அப்போதுதான் முத்தும் முத்தும் உரசிக்கொள்ளாது. நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் கீழே போகும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். விவகாரம் இந்த முடிச்சில்தான். ஒரு முடிச்சை இறுக்கும்போது, முந்தின முடிச்சிலிருந்து அதுவரைக்கும் அந்த அறையில் என்னென்ன சத்தம் எழுந்ததோ அத்தனையும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு யாராவது சரத்தைப் போட்டுக்கொண்டு, கழுத்துச் சூடு முத்தில் ஏறி, முத்திலிருந்து முடிச்சில் ஏறினால், கொக்கிப் பக்கத்திலிருந்து வரிசையாக வெளியே வரும். அதனால் முத்து கோர்க்கிற வீடுகளில் வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. யாராவது மறந்துபோய் வாயைத் திறந்தால் கோர்ப்பவளின் கை அந்த நிமிஷமே நின்றுவிட வேண்டும்; பேச்சு ஓய்ந்ததும் நூலில் ஒட்டிய சத்தத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த முடிச்சு. அது தொழில் மரியாதை. அப்படியும் தப்பு நடக்கும். இருமல் விழுந்த சரத்துக்குக் கால் பங்கு விலை குறைப்பார்கள், குழந்தை அழுகை விழுந்ததற்குப் பாதி. கொட்டாவி விழுந்ததை மட்டும் தூக்கம் வராதவர்கள் தேடி வந்து முழு விலைக்கு வாங்கிப் போவார்கள். பிளாஸ்டிக் மணியில் இந்தத் தொல்லையே இல்லை. அதில் சூடு ஏறாது. உள்ளே போனது உள்ளேயே கிடக்கும். ஆகவே பிளாஸ்டிக் மணி வருகிற நாளில் அந்தத் தெருவே வாய் ஓயாமல் பேசும். வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்த மாமியார் குறை, மருமகள் குறை, ஓரகத்தி புதிதாகக் கட்டிக்கொண்ட புடவையின் குறை எல்லாம் மணிகளுக்கு நடுவில் போய், பொம்மைக் கடைகளில் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

மண்டபத்தில் கேட்ட பெண்குரல் கோர்ப்புக்காரியுடையது. அவள் வீடு மூன்று தெரு தள்ளி, மாடியில் இரண்டே அறை. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மேஜை. அதில் கறுப்புத் துணி விரித்த தட்டு, இடுக்கி, ஊசி, நூல்கண்டு, கை துடைக்க ஒரு ஈரத்துணி. எதிர்ப்பக்கம் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதில் அவள் புருஷன், பதினாலு வருடமாக.

அவரைத் துளைக்காரர் என்பார்கள். மணப்பெண்ணின் அப்பாவான முதலாளியின் கடையில் பத்தொன்பது வருடம் முத்துக்குத் துளை போட்டவர். துளை ஒரு மயிரிழை கோணினாலும் முத்து வீண். அவர் கையில் ஒன்றுகூடக் கோணியதில்லை. கழுத்தை வளைத்துத் திருப்புகிற மேஜை விளக்கு ஒன்று வைத்திருந்தார், அவருடைய சொந்த விளக்கு. அதன் வெளிச்சத்தில்தான் வேலை. ஒருநாள் மத்தியானம் யாரோ பெரிய இடத்தார் துளை போடக் கொடுத்திருந்த, சுண்டுவிரல் நுனி அளவு முத்து, அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் தட்டில் இல்லை. கடையில் அப்போது இருந்தது முதலாளி, சரங்களைக் காதில் வைத்துச் சோதிக்கிற காதுக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த முதலாளியின் சின்ன மகள், அப்புறம் துளைக்காரர். முதலாளி அவர் சட்டைப் பையை உதறச் சொன்னார், வேட்டி மடிப்பை உதறச் சொன்னார். கடைசியில், “வாயைத் தொற” என்றார். காதுக்காரர் அவருடைய விளக்கையே திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. “முழுங்கியிருப்பான்” என்றார் முதலாளி. துளைக்காரர் விளக்கின் வயரைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விளக்கை அலமாரியில் வைத்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அன்றைக்கு மூடிய வாயைப் பிறகு ஒருவர் எதிரிலும் அவர் திறக்கவில்லை. சாப்பாட்டைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் எந்தக் கடையும் அவரிடம் முத்தை நம்பிக் கொடுக்கவில்லை. கோர்ப்புக்காரி மட்டும் அதே முதலாளிக்குக் கோர்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குச் சூடு சொரணை கிடையாதா என்று தெரு கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு பிளாஸ்டிக் நாளில் நேராகவே கேட்டாள். “இருக்கு. எடுத்து வெச்சிருக்கேன்” என்றாள் இவள். போடுகிற முடிச்சுகளைத் தளர்த்திவிடுவது, முத்தைக் கீறிவிடுவது, இப்படிச் சில்லறை வேலைகளெல்லாம் அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அவர் எடுக்கவில்லை என்ற வார்த்தை, முதலாளியின் வாயாலேயே, ஊர் கேட்க. அதற்கு முதலாளியின் முத்து தன் கையில் இருந்தால்தான் ஆகும் என்று அவள் தினமும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். பதினாலு வருடம் போயிற்று.

முதலாளி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அறுபத்தோரு முத்து, ஒன்றுபோல் ஒன்று, பொறுக்கி எடுத்துக் கோர்ப்புக்காரியிடம்தான் அனுப்பினார். அவளைப் போல் முடிச்சுப் போட வேறு ஆள் கிடையாது, அது அவருக்கும் தெரியும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு முதல் நாற்பது முடிச்சை வாயே திறக்காமல் போட்டாள். மீதி முத்துகளைப் பழைய பிளாஸ்டிக் மணிப் பாக்கெட்டில் கொட்டினாள். தட்டில் ஒரு பிடி பிளாஸ்டிக் மணியைப் பரப்பினாள். பிறகு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, கடைக்குப் போகிறபோது ஒரு வார்த்தை சொல்லிவிடு, கல்யாணச் சரத்தில் ஒரு முத்து குறைகிறது என்றாள்.

அரை மணி நேரத்தில் முதலாளி செருப்போடு உள்ளே வந்து நின்றார். மேஜையில் அவள் கை ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் பாக்கெட்டைக் காட்டினாள். “இது பிளாஸ்டிக், முதலாளி. உங்க வேலையைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். பேசுங்க.” ஒரு மணியை எடுத்துப் பல்லில் உரசிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், உண்மை முத்து பல்லில் நறநறக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். நாற்பது வருடம் முத்து விற்றவர் தன் சொந்த முத்தைப் பிளாஸ்டிக் என்று நம்பினார். அவள் கையில் இருப்பதை அவர் பார்க்கவில்லை. அந்தக் கையை அவர் எப்போதுமே பார்த்ததில்லை. நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரையும் பார்க்கவில்லை.

அவர் கத்தினார், அவளும் கத்தினாள், கை நிற்கவில்லை. முத்து கோர்க்கும் நேரத்தில் பிறர் பேசியும் அவள் கை நிற்காதது அதுதான் முதல் தடவை. முத்து எங்க, முத்து எங்க என்று அவள் விடாமல் குடைந்ததில் முதலாளிக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

“என் பொண்ணு முழுங்கிட்டா! போதுமா? ஏழு வயசுக் குழந்தை, மிட்டாய்னு நினைச்சு வாயில போட்டுட்டா. சாயங்காலம் வந்து அழுதுகிட்டே சொல்றா. மூணு நாள், மூணு நாள் நான் சட்டியும் குச்சியுமா உக்காந்திருந்த பாடு எனக்குத்தான் தெரியும். வரல. கரைஞ்சு போச்சு. முத்துக்கு உடையவன் வாசல்ல நிக்கிறான். என் பொண்ணு தின்னுட்டான்னு சொன்னா நாளைக்கு எவன் என்கிட்ட முத்தைக் குடுப்பான்? உன் புருஷன் பேரை ஏற்கனவே சொல்லியாச்சு. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் சொல்லி முடித்தபோது, ஏழு வயசு என்றது உறைத்து அவள் கை நின்றது. அந்தக் குழந்தை அப்பாவோடு இந்த மாடிக்கு வந்திருக்கிறது. தட்டிலிருந்து நீலப் பிளாஸ்டிக் மணிகளைப் பொறுக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறது. இவளும் பொறுக்கிக் கொடுத்து, விரலில் மோதிரமாகக் கோர்த்துப் போட்டுவிட்டிருக்கிறாள். இந்தச் சரம் விழப்போவது அந்தக் கழுத்தில். இங்கேயே நிறுத்திவிட்டு, இதுவரை போட்டதை ஊசியால் நெம்பி அவிழ்த்தால் ஒரு நாள் வேலை. அவள் தலையைத் திருப்பிப் புருஷனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகில் அசைவு இல்லை. அலமாரியில் விளக்கு இருந்தது, வயர் சுற்றினது சுற்றினபடி. ஒரு முடிச்சுப் போடுகிற நேரம் சும்மா இருந்த கை, மறுபடி ஓட ஆரம்பித்தது.

“அப்போ அவர் எடுக்கல.”

“எடுக்கல.”

அது இருபதாவது முடிச்சு. இறுக்கியதும் அவள் தட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்து, “அடடே, இங்க உருண்டு கிடக்கு முதலாளி. கணக்குச் சரியாத்தான் இருக்கு” என்றாள். அவர் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

சரம் கடைக்குப் போனதும் காதுக்காரர் அதை வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றிக் காதோடு ஒட்டிக்கொண்டார். மற்ற கடைகளில் கால் மணி நேரம் கேட்டு, சத்தம் இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். இவர் எதையும் கடைசி முடிச்சு வரைக்கும் கேட்கிற மனிதர். முதல் நாற்பது முடிச்சில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முழுவதும் கேட்டு முடித்து, சரத்தைப் பெட்டிக்குள் வைத்து, கை கொஞ்சம் ஆற வேண்டும் என்று மேஜைமேல் விரித்து வைத்தார். அந்தக் கைகள்தான் அன்றைக்கு விளக்கைத் திருப்பிப் பிடித்தவை. “எப்படி?” என்றார் முதலாளி. “சுத்தம்” என்றார் காதுக்காரர். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

மண்டபத்தில் வீடியோ விளக்கின் சூடும் சேர்ந்துகொண்டது, இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் தாமதித்திருக்கும். மகள் முழுங்கிவிட்டாள் என்ற இடம் வந்தபோது நானூறு நாற்காலியும் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்தது. சட்டியும் குச்சியும் என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். அது முன்வரிசைக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. முதலாளி மைக்கின் வயரைத் தேடிக்கொண்டு மேடையில் தவழ்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்களே தவிர யாரும் வயரைக் காட்டவில்லை. மணப்பெண் சரத்தைக் கழற்றவில்லை. மைக்கை விட்டு விலகவும் இல்லை. கடைசி முடிச்சு, எடுக்கல, என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் குனிந்தபடியே நின்றாள்.

மூன்று தெரு தள்ளி, கோர்ப்புக்காரி ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தாள். ஒலிபெருக்கியில் தன் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்தக் கடைசி வார்த்தை கேட்டதும் பின்னால் நாற்காலிக் கால் தரையில் உரசியது. அவர் கால்வட்டம் திரும்பியிருந்தார். சுவரை விட்டு ஜன்னலுக்கு. அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து மாடிப்படியில் செருப்புச் சேர்ந்தது. கடைக்காரர்கள் வந்தார்கள், கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள், பதினாலு வருடமாக எதிர்ப்பட்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டவர்களெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அன்னைக்கே எங்களுக்குத் தெரியும், நாங்க நம்பவே இல்ல. கோர்ப்புக்காரி ஆகட்டும், ஆகட்டும் என்று தலையாட்டிக்கொண்டே, தன்னிடம் இருந்த உதிரி முத்துகளைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். யார் பேசினாலும் கையை நிறுத்தவில்லை. அந்தச் சரம் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. எப்போதாவது அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காய் நறுக்குவாள். நாங்க நம்பவே இல்ல, நாங்க நம்பவே இல்ல என்று முப்பத்தாறு பேர் மாறி மாறிச் சொல்வார்கள்.

பத்தாவது நாள் மணப்பெண் வந்தாள். சரம் கழுத்தில் இருந்தது. படியேறி வந்த சூட்டில் அது நாற்பதாவது முடிச்சைத் தாண்டிவிட்டதால், இருவரும் அது பேசி ஓய்கிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

“என்னை ஏன் நடுவுல இழுத்தீங்க, அத்தை?”

“இழுக்கணும்னு நினைக்கல. உன் பேச்சு வரும்னு எனக்குத் தெரியாது. வந்ததும் கை நின்னுச்சு.”

“தெரியும். அந்த இடத்துல ஒரு சத்தமும் இல்ல. அதையும் கேக்கறேன் தினமும்.” அவள் சரத்தை விரலால் தள்ளினாள். “அப்புறம் ஓடிருச்சு, இல்ல?”

“ஓடிருச்சு.”

கோர்ப்புக்காரி இடுக்கியை எடுத்தாள். உன்னைப் பற்றின அந்த மூன்று முடிச்சை மட்டும் எடுத்துவிடுகிறேன், முத்துக்கு ஒன்றும் ஆகாது என்றாள். மணப்பெண் வேண்டாம் என்றாள். அந்த ஏழு வயசில் அப்பா மடியில் உட்கார்ந்து, துளைக்கார மாமாவை ஏன் வரச் சொல்லவில்லை என்று கேட்டாளாம். அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாராம். அதையும் நம்பிவிட்டாளாம். “அப்பா வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போறேன். இதைப் போட்டுக்கிட்டுதான் போறேன். அவர் சாப்பிட உக்காரும்போது எதிர்ல உக்கார்றேன். நான் ஒரு வார்த்தை பேசறதில்ல.” போகும்போது நாற்காலியின் பக்கம் போய் நின்றாள். துளைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் படியிறங்கியதும் நாற்காலி இன்னொரு கால்வட்டம் திரும்பியது. இப்போது அது அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் முதலாளி வந்தார். செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றியிருந்தார், கன்னம் வற்றியிருந்தது. சரத்தை வெட்டியெறியப் பார்த்தாராம், ஒரே ஒரு முத்துதான் விழுந்ததாம், மற்ற அறுபதும் பேசினபடியே இருந்ததாம். மகள் விழுந்ததை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. கோர்ப்புக்காரி அவரை உட்காரச் சொன்னாள். வேறொரு கடைக்காரர் அனுப்பிய புதுச்சரம் அவள் கையில் இருந்தது. அவர் மேஜையைப் பார்த்தார். பிளாஸ்டிக் பாக்கெட் எதுவும் இல்லை. முதல் தடவையாக அவள் கையையும் பார்த்தார், நன்றாக, வெகுநேரம். முடிச்சு விழுந்தது, அடுத்த முத்து ஏறியது, முடிச்சு விழுந்தது. அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் தள்ளினார். என் பெண்ணிடமிருந்து அதை வாங்கி அவிழ்த்துக் கொடு, என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தது. எழுத்து முடிச்சுக்குள் போகாது என்பதால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் படித்துவிட்டு அதைத் தட்டுக்கு அடியில் வைத்தாள்.

அப்போது துளைக்காரர் எழுந்தார். அலமாரியிலிருந்து விளக்கை எடுத்து, வேட்டி நுனியால் தூசியைத் துடைத்து, வயரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். முதலாளிக்கு எதிரே மேஜை ஓரத்தில் வைத்து, வயரைப் பிளக்கில் செருகினார். பதினாலு வருடம் சும்மா கிடந்த பல்பு ஒரு சிமிட்டுக்கூடச் சிமிட்டாமல் எரிந்தது. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்கின் கழுத்தை மெதுவாக வளைத்து, முதலாளியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். அந்த மூடிய உதடுகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார், துளை போடுமுன் முத்தைப் பார்ப்பது போல. கோர்ப்புக்காரியின் கை நிற்கவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். குரல் கரகரத்துத்தான் வந்தது, ஆனால் வந்தது.

“வாயைத் தொறங்க, முதலாளி.”